பொந்து யாருக்கு? லெட்டர்பாக்ஸிங் விளையாட்டும் எங்கள் தெருப் பூங்காவும்

லெட்டர்பாக்ஸிங் பற்றி எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "தபால் பெட்டிய பத்தி எழுதறதுக்கு என்னா இருக்கு?" என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். சிவப்புத் தபால் பெட்டிக்கும் இதற்கும் உறவு உண்டு, ஆனால் தூரத்து உறவு.

விளையாட்டு இதுதான். ஒரு சின்ன டப்பா. அதற்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு நோட்டுப் புத்தகம், முடிந்தால் ஒரு மை அட்டை. டப்பாவை எங்காவது வெளியில் ஒளித்து வைக்கிறார்கள். எங்கே என்பதற்கு விடுகதை மாதிரி ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். தேடிப் போகிறவர் கையில் சொந்த ஸ்டாம்பும் சொந்த நோட்டும் இருக்கும். கண்டுபிடித்ததும் தன் ஸ்டாம்பை டப்பா நோட்டில் குத்துவார், டப்பா ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொள்வார். டப்பாவைப் பழையபடி ஒளித்துவிட்டு வந்துவிடுவார். பரிசு கிடையாது. ஜெயிப்பவர், தோற்பவர் கிடையாது.

எனக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். பிடித்ததால்தான் இந்த விமர்சனம். பிடிக்காததை விமர்சிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

முதலில் வரலாறு, சுருக்கமாக. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்று ஒரு மேட்டு நிலம். புல்லும் சேறும் கருங்கல் குன்றுகளும். சாக்ஃபோர்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்றொரு வழிகாட்டி இருந்தார். மூரின் நடுவில் கிரான்மியர் பூல் என்ற, போய்ச் சேரச் சிரமமான ஓர் இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போவார். 1854-இல் அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். பிற்பாடு, தங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுப் போகும் வழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு பின்னால் வந்து சேர்ந்தது.

சுமார் நூற்று நாற்பது வருஷம் இது பெரும்பாலும் டார்ட்மூர்க்காரர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1998 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் இதழில் ஒரு கட்டுரை வந்தது, விளையாட்டு அங்கேயும் பற்றிக்கொண்டது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். துல்லியத்தின் மீது வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கியது. அதே வாரம் ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஜியோகேஷிங் பிறந்தது. லெட்டர்பாக்ஸிங்குக்குத் தம்பி மாதிரி. விடுகதைக்குப் பதில் எண்கள், ஸ்டாம்புக்குப் பதில் கையெழுத்து.

இனி எங்கள் கதை. நான் இருப்பது கதிர்காமம். இலங்கைக் கதிர்காமம் இல்லைங்க, புதுச்சேரி கதிர்காமம். வழுதாவூர் சாலை, இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் பக்கம். வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்னப் பூங்கா. ஒரு சறுக்கு மரம், ரெண்டு ஊஞ்சல், எட்டு வடிவ நடைபாதை, சிமெண்ட் பெஞ்சுகள், கொஞ்சம் வேம்பு, கொஞ்சம் புங்கை, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வேகமாக நடந்தால் மூணு நிமிஷத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

போன பிப்ரவரியில் அக்கா பிள்ளைகள் ரெண்டு பேரும் வந்திருந்தபோது, இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். பெரியவன் பென்சில் அழிக்கும் ரப்பரில் ஒரு அணிலைச் செதுக்கினான். கீழே 'க' என்று கதிர்காமத்தின் முதல் எழுத்தையும் செதுக்கினான். காகிதத்தில் குத்திப் பார்த்தால் 'க' திரும்பிக்கொண்டு நின்றது. "எழுத்தைக் கண்ணாடியில பாக்குற மாதிரி செதுக்கணும்டா" என்று நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். அவன் அதையே வைத்துக்கொண்டான். "பரவால்ல மாமா, இதை யாரும் காப்பி அடிக்க முடியாது."

டப்பாவை எங்கே வைப்பது? பூங்காவை மூணு சுற்று சுற்றினோம். தரையில் வைத்தால் கூட்டுகிறவர்கள் எடுத்துப் போட்டுவிடுவார்கள். புதருக்குள் என்றால் புதரே இல்லை, முழங்கால் உயரத்துக்கு வெட்டிய வேலிச்செடிதான் இருக்கிறது. கடைசியில் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு பொந்தைப் பார்த்தோம். எப்போதோ ஒரு கிளை முறிந்து, உள்ளே மக்கி, குழிந்து போன பொந்து. பெஞ்சின் மேல் ஏறினால் கைக்கு எட்டும். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மழைத் தண்ணி உள்ளே போகாது. டப்பா கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "சார், அந்த மரத்துல இன்னாமோ டப்பா கீது. பசங்க ஏறி ஏறி எடுத்துப் பாக்குதுங்க. உங்குளுதா?" ஆமாம் என்றேன். கோபப்படவில்லை அவர். "அதுலதான் சார் ஆந்தை போய் வரும். ஒரு வாரமா காணோம்."

அந்த ஆந்தையை எனக்கும் தெரியும். புள்ளி ஆந்தை, ஒரு ஜோடி. இருட்டும் நேரத்தில் மரத்தின் தெற்குக் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கும். சண்டை போடுகிற மாதிரிக் கத்தும். அது பகலில் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. தெரிந்த பறவை, தெரிந்த மரம், தெரிந்த பொந்து. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. புள்ளி ஆந்தை மரப்பொந்தில்தான் முட்டையிடும், நம் பக்கத்தில் பிப்ரவரி அதன் கூடு கட்டும் காலம். டப்பாவை அன்றே எடுத்துவிட்டேன். அந்த சீசனில் ஜோடி அந்த மரத்துக்குத் திரும்பவில்லை. என் டப்பாவால்தான் போனது என்று நிரூபிக்க முடியாது. என் டப்பாவால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். டார்ட்மூர்க்காரர்களிடம் ஒரு நடத்தை விதித் தொகுப்பு உண்டு. பழங்காலக் கல்லறைகளிலும் கல்வரிசைகளிலும் சுவர்களிலும் பெட்டியை வைக்கக்கூடாது. சிமெண்ட் பூசிப் பதிக்கக்கூடாது. ஆபத்தான இடத்தில் வைக்கக்கூடாது. நல்ல விதிகள்தான். நான் இதில் எதையும் மீறவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. கல்லைப் புரட்டவில்லை, செடியை ஒடிக்கவில்லை, ஆணி அடிக்கவில்லை. இருந்த ஓட்டையில் ஒரு டப்பாவை வைத்தேன், அவ்வளவுதான்.

இங்கேதான் என் முதல் விமர்சனம். இந்த விளையாட்டு பெரிய வெளியில் பிறந்தது. டார்ட்மூர் தேசியப் பூங்கா 954 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாஹே, ஏனாமை விட்டுவிட்டால், நம் புதுச்சேரிப் பகுதி முழுவதும் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அதைப் போல மூன்று மடங்கு நிலத்தில் பாறை இடுக்குகளுக்குக் கணக்கே கிடையாது. அங்கே ஒரு இடுக்கில் ஒரு பெட்டி போனால், பக்கத்தில் இன்னும் நூறு இடுக்கு இருக்கும். தெருப் பூங்காவில் அப்படி இல்லை. அங்கே மறைவிடங்களை விரல் விட்டு எண்ணலாம். நான் எண்ணினேன். எங்கள் பூங்காவில் கைக்கு எட்டும் மரப்பொந்து மூன்று. சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை இரண்டு. பாழான தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு சந்து. மூலையில் உரத்துக்காகக் குவித்த சருகுக் குவியல் ஒன்று. ஏழே ஏழு.

அந்த ஏழில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். பொந்துகளில் ஆந்தை, மைனா, கிளி. இவை தாமே மரத்தைக் குடையாத பறவைகள். இருக்கிற பொந்துக்குப் போட்டி போட்டுக்கொள்ளும். குக்குறுவான் மட்டும் பட்ட கிளையில் தானே குடைந்துகொள்ளும். சுவர் ஓட்டையில் பல்லியும் பூரானும். தொட்டிக்கு அடியில் தேரை. சருகில் அரணை, சில நேரம் சாரைப்பாம்பு. பாம்பு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொந்துக்குள் கையை விடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஒரு விளையாட்டை, தேளும் விரியனும் உள்ள நாட்டில் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. டார்ட்மூரிலும் விஷப்பாம்பு உண்டு, ஒரே ஒரு வகை. நம் கணக்கு வேறு.

டப்பாவுக்கு என்ன வேண்டும்? மழை படக்கூடாது, வெயில் படக்கூடாது, நடந்து போகிறவர் கண்ணில் படக்கூடாது, நாய் பூனை எடுக்கக்கூடாது. ஆந்தைக்கும் அரணைக்கும் அதேதான் வேண்டும். ஒளித்து வைக்க நல்ல இடம் என்று நம் கண் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ, அதை ஒரு உயிர் முன்பே தேர்ந்தெடுத்திருக்கும். தற்செயலாக நடக்கும் தவறு இல்லை இது. விளையாட்டை எவ்வளவு திறமையாக ஆடுகிறோமோ, அவ்வளவு சரியாக ஏதோ ஒரு வீட்டுக்குள் போய் நிற்போம்.

இரண்டாவது விமர்சனம், தேடுகிறவர்களைப் பற்றி. கண்டுபிடித்தவர் ஒரே ஒரு பொந்தில் கையை விடுகிறார். கண்டுபிடிக்காதவர் எல்லாப் பொந்திலும் கையை விடுகிறார். குறிப்பு எவ்வளவு சாமர்த்தியமாக இருக்கிறதோ, அத்தனை பேர் தவறான இடத்தில் தேடுவார்கள். என் குறிப்பை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒன்பது நாளில் எத்தனை முறை பெஞ்சில் ஏறினார்கள் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் பொருளைப் புதைத்தோ ஒளித்தோ வைக்கும் ஜியோகேஷிங்குக்கு அனுமதி இல்லை. முன்பு இதைக் கொஞ்சம் கெடுபிடி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நம் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் இல்லை, பறவைகள், ஊர்வன இவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதற்குள் வருகிறது. ரப்பரில் அணில் செதுக்கிய பையனை யாரும் வேட்டைக்காரன் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் 'கலைப்பது' என்ற வார்த்தையை யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை வந்து வந்து போனாலே போதும், பறவை முட்டையை விட்டுவிட்டுப் போய்விடலாம்.

மூன்றாவது, எல்லாருக்கும் உடனே தோன்றும் விஷயம். ரயில்வே ஸ்டேஷனில் காத்திருக்கும்போதெல்லாம் கேட்டு வளர்ந்த அறிவிப்பு நமக்கு மனப்பாடம்: ஆளில்லாமல் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள். அந்த நாட்டில் பொது இடத்தில் மூடிய டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, வந்து தேடுங்கள் என்று சொல்கிறோம். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் தெருவில் ஒளித்து வைத்த ஒரு ஜியோகேஷிங் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகப்பட்டு, தெருவை அடைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடித்து அழித்தார்கள். விளையாட்டு பிறந்த நாட்டிலேயே இந்த நிலைமை. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் போலீஸுக்குப் போன் போடாமல் என்னைக் கூப்பிட்டது என் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் சொன்ன பிறகு விளையாட்டுக்கு நியாயமும் செய்ய வேண்டும். பொந்துகள் ஏழாகக் குறைந்ததற்கு லெட்டர்பாக்ஸிங் காரணம் இல்லை. அழகுபடுத்துவதாக நினைத்துக்கொண்டு நாம் செய்யும் காரியங்கள்தான் காரணம். பட்ட கிளை என்றால் வெட்டு. சருகு என்றால் கூட்டி எரி. மண் தரை என்றால் பேவர் பிளாக் போடு. ஓணான் முட்டையிட இளகிய மண்ணைத் தோண்ட வேண்டும், சிமெண்ட் கல்லில் அது எங்கே தோண்டும்? ஒரு டப்பா ஒரு பொந்தை ஒரு சீசனுக்கு அடைத்தது. ஒரு அரிவாள் ஒரு காலை நேரத்தில் பத்துப் பொந்தை இல்லாமல் ஆக்கும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. கௌதாரியின் அறிவியல் பெயரில் 'பாண்டிசெரியானஸ்' என்ற சொல் வரும். பாண்டிச்சேரியைச் சேர்ந்தது என்று அர்த்தம். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா இந்தப் பக்கம் சுற்றிப் பார்த்து 1782-இல் வெளியிட்ட பயண நூல் வழியாக ஐரோப்பாவுக்கு அறிமுகமான பறவைகளில் அதுவும் ஒன்று. 1789-இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் அந்தப் பெயரை வைத்தார். நம் ஊர் பெயரைச் சுமந்துகொண்டு உலகப் புத்தகங்களில் எல்லாம் நிற்கிற பறவை. அதற்கு வேண்டியது முள்ளும் புல்லும் கலந்த தரிசு. நாம் 'சுத்தம்' செய்கிற எந்தப் பூங்காவிலும் அதற்கு இடம் இல்லை.

எட்டு வடிவப் பாதையில் தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தன். பார்வை செல்போனில் இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் போகிறவர் முதுகில் இருக்கும். பிள்ளைகளோடு டப்பாவுக்கு இடம் தேடிய அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்தப் பூங்காவில் பட்ட கிளை எங்கே, ஈரம் எங்கே, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதல்முறையாகப் பார்த்தேன். ஆந்தையின் வீட்டைக் கெடுத்த அதே விளையாட்டுதான் ஆந்தைக்கு வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியவைத்தது. அதனால் இதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

அப்படியென்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஜப்பானில் ரயில் நிலையங்களில் ஸ்டாம்பு வைக்கும் வழக்கம் இருக்கிறது. 1931-இல் ஃபுகுயி நிலையத்தில் தொடங்கியது. பயணிகள் வரிசையில் நின்று தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு போவார்கள். ஸ்டாம்பு ஒளிந்திருக்கவில்லை, மேஜை மேல் இருக்கிறது. ஆனாலும் அந்த ஊருக்குப் போய் இறங்கினால்தான் கிடைக்கும் என்பதால் அதற்கு மதிப்பு குறையவில்லை. அப்படியென்றால் லெட்டர்பாக்ஸிங்கில் ஒளித்து வைப்பது உயிர்நாடி இல்லை. போய்ச் சேர்வதும், போனதற்கு ஒரு அடையாளம் பதிவதும்தான் உயிர்நாடி. பெரட் பாட்டில் வைத்ததும் அதற்குத்தான்.

இப்போது எங்கள் டப்பா வாட்ச்மேன் அறையில், ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. அண்ணனிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு வைத்தது. மேலே என் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கிறது. குறிப்பு இப்போது டப்பாவைத் தேடச் சொல்வதில்லை. பார்க்கச் சொல்கிறது. நாங்கள் எழுதியதில் ஒன்று:

ஊஞ்சலுக்கு முதுகு காட்டி நில். வெயில் சாயும் பக்கம் பத்து அடி நட. மொட்டைக் கிளை ஒன்று வானத்தைக் குத்தும். அதில் காசு அகலத்துக்கு ஒரு வாசல். உள்ளே இருப்பவன் பாத்திரக்கடைக்காரன் மாதிரி நாள் முழுக்கத் தட்டுவான். அவன் நெற்றியில் என்ன நிறம்?

பதில் தெரிந்தவர் வாட்ச்மேன் அறைக்கு வந்து சொன்னால் டப்பா கிடைக்கும். குக்குறுவானின் நெற்றி சிவப்பு என்று இங்கேயே சொல்லிவிட்டேன், நீங்கள் கதிர்காமம் வந்தால் வேறு கேள்வி கேட்போம். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் போதும், யாரும் எதிலும் கையை விட வேண்டியதில்லை. பொங்கல் நாட்களில் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து நடத்தும் கணக்கெடுப்பிலும் இதே முறைதான். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததை எல்லாம் எழுதினால் போதும். எங்கள் டப்பா நோட்டில் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்: தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள். பிள்ளைகள் எழுத்தில் 'காக்கா 11, அணில் 4, பூனை 1' என்று வருகிறது. இருக்கட்டும். காக்காவை எண்ணத் தொடங்கிய பிள்ளை ஆந்தைக்கு வந்து சேரும்.

ஒரு நஷ்டம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கையை விட்டு, விரல் நுனியில் டப்பா தட்டுப்படும் அந்த ஒரு நொடி இதில் இல்லை. அக்கா பையன் முகத்தைச் சுளித்தான். "இது கஷ்டமே இல்ல மாமா, ஜன்னல்ல இருக்கறத யார் வேணா எடுப்பாங்க." அவன் சொல்வது சரி. ஏழு மறைவிடம் மட்டும் உள்ள பூங்காவில் அந்த நொடியை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். டார்ட்மூர் அளவுக்குப் பெரிய இடத்துக்கு அவன் என்றைக்காவது போனால், அங்கே பாறை இடுக்கில் தேடிக்கொள்ளட்டும்.

தூங்குமூஞ்சி மரத்துப் பொந்து இப்போது காலியாக இருக்கிறது. மைனா ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு முறை பார்த்தாராம். அந்தக் கிளையை வெட்ட ஆள் வந்தால் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். நம்பர்தான் டப்பா மேலேயே இருக்கிறதே.